நீலத் தலை, பதினைந்து ஊசி

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு கட்டில், ஒரு கொடி, கொடியில் நாலு சட்டை. மிச்சமுள்ள இடத்தில் ஆள் திரும்பி நிற்கலாம். பெரிய தெருவை ஒட்டி அப்படியொரு அறையில் என் அக்கா மகன் தங்கியிருந்தான். வேலைக்குச் சேர்ந்த கம்பெனி அவனுக்கு மெல்லிய லேப்டாப் ஒன்றைக் கொடுத்திருந்தது. அந்தச் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துத் தலைவலி வந்த சமயத்தில், பக்கத்து அறையைக் காலி செய்தவர் தன் பழைய 17 அங்குல மானிட்டரை 700 ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போனார். கிட்டத்தட்டச் சதுரமான முகம். பின்னால் ஒரே ஒரு நீலச் செருகுவாய். லேப்டாப்பின் பக்கவாட்டிலோ தட்டையான எச்.டி.எம்.ஐ. வாய்தான் இருந்தது. பையன் கெட்டிக்காரன். ஒரு முனையில் தட்டைத் தலையும் மறுமுனையில் நீலத் தலையும் உள்ள கேபிள் ஒன்றை ஏதோ ஒரு கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிவந்து மாட்டினான். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தின. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னக் கட்டம் மிதந்துகொண்டிருந்தது.

“மாமா, ரெண்டும் தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. சேத்து வச்சா பேச மாட்டேங்குது” என்றான் போனில்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். விஷயம் உண்மையிலேயே பேச்சைப் பற்றியதுதான். செருகுவாய்க்கு ஒரு வடிவம் உண்டு. அதன் வழியே போகும் சமிக்ஞைக்கு ஒரு மொழி உண்டு. வடிவத்தைக் கண்ணால் பார்க்கலாம், மொழியைப் பார்க்க முடியாது. அதனால்தான் பொருந்தினால் போதும் என்று நினைத்துக் காசை விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஒரு மாலை அவனை அழைத்துக்கொண்டு நடந்தேன். ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துவிட்டு, எல்லிஸ் சாலை வழியாக அண்ணா சாலைக்கு வந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தால் ரிச்சி தெரு. ரெசிஸ்டரிலிருந்து ரவுட்டர் வரை எல்லாம் கிடைக்கும் அந்தச் சந்துகளில், இரண்டு ஆள் அகலக் கடை ஒன்றில் எங்கள் பிரச்சினையைச் சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் முழுதாகக் கேட்கவில்லை.

“எதுலேர்ந்து எதுக்கு சார்?”

இத்தனை வருடமாக நான் படித்த கையேடுகளில் இதைவிடச் சுருக்கமான, இதைவிடச் சரியான கேள்வியைப் பார்த்ததில்லை. எதிலிருந்து, எதற்கு. பையன் வாங்கிய கேபிளை நீட்டினோம். கையில் வாங்கி, இரண்டு முனையையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதுல உள்ள சிப்பே இல்ல தம்பி” என்று திருப்பிக் கொடுத்தார்.

சிப் எதற்கு? அதைச் சொல்ல 1987-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் பி.எஸ்./2 என்ற கணினி வரிசையை வெளியிட்டது. அதனுடன் வந்ததுதான் வி.ஜி.ஏ. என்ற பட முறையும், மூன்று வரிசையில் பதினைந்து ஊசி கொண்ட அந்தச் செருகியும். (உங்கள் கேபிளில் எண்ணிப் பார்த்தால் பதினான்குதான் இருக்கலாம். ஒன்பதாவது ஊசியைப் பல கேபிள்களில் வைப்பதில்லை. உடைந்துவிட்டது என்று கடையில் சண்டை போட வேண்டாம்.) நீல நிறம் ஐ.பி.எம். தந்ததல்ல. எந்தக் கேபிளை எந்த ஓட்டையில் செருகுவது என்று மக்கள் திண்டாடியதால், மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து ‘பிசி 99’ என்ற வழிகாட்டியில் ஒவ்வொரு செருகுவாய்க்கும் ஒரு நிறம் ஒதுக்கின. மானிட்டருக்கு நீலம் வந்தது.

வி.ஜி.ஏ. பிறந்தபோது மானிட்டர் என்றால் டப்பா மானிட்டர்தான். கண்ணாடிக் குழலின் பின்கழுத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து, முன்பக்கப் பூச்சில் படும் இடம் ஒளிரும். அந்தக் கற்றை திரையின் இடது மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் ஓடும். விளிம்பைத் தொட்டதும் அணைந்து, இடப்பக்கம் திரும்பி, ஒரு வரி கீழே இறங்கி மறுபடி ஓடும். கடைசி வரி முடிந்ததும் உச்சிக்குத் திரும்பும். திருவல்லிக்கேணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் தடதடத்த காலத்தைக் கண்டவர்களுக்கு இது எளிது: வரி முடிந்ததும் ‘டிங்’ என்று மணி அடிக்கும், கைப்பிடியைத் தள்ளி வண்டியை ஆரம்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தத் தள்ளும் நேரத்தில் எழுத்து எதுவும் விழாது.

வி.ஜி.ஏ. கேபிளில் ஓடுவது இந்தத் தட்டச்சுக்கான கட்டளைகள்தான். முதல் மூன்று ஊசிகள் சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஃபேன் ரெகுலேட்டரைப் போல: 0 என்றால் இருட்டு, 0.7 என்றால் முழு வெளிச்சம், நடுவில் எங்கு நின்றாலும் அதற்கேற்ற வெளிச்சம். 13-ஆவது ஊசி வரி முடிந்தது என்று மணி அடிக்கிறது. 14-ஆவது ஊசி பக்கம் முடிந்தது என்று மணி அடிக்கிறது. அவ்வளவுதான். புள்ளி என்ற ஒன்றே இந்த மொழியில் இல்லை. ஒரு வரியில் எத்தனை புள்ளி என்று கேபிள் சொல்வதில்லை. டப்பா மானிட்டருக்கு அது தேவையும் இல்லை. வந்த வெளிச்சத்தைப் பூசிக்கொண்டே போகும்.

வண்டி திரும்பும் நேரம் எவ்வளவு தெரியுமா? 640-க்கு 480 என்ற ஆதி வி.ஜி.ஏ. படத்தில் ஒரு வரிக்கு 800 புள்ளி நேரம் ஒதுக்கினார்கள். கண்ணுக்குத் தெரிவது 640. வரிகளின் எண்ணிக்கை 525; தெரிவது 480. விநாடிக்கு ஏறத்தாழ 60 முறை இந்தப் பக்கத்தை எழுத, சுமார் 2 கோடியே 52 லட்சம் புள்ளிகளுக்கான நேரம் வேண்டும். அதில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் திரும்பல். அந்த 525 எங்கிருந்து வந்தது? அமெரிக்க டி.வி.யிலிருந்து. கணினித் திரை டி.வி.யின் பிள்ளை, அப்பாவின் நடை ஒட்டிக்கொண்டது.

இப்போது எல்.சி.டி. மானிட்டருக்கு வருவோம். அதில் கற்றை இல்லை, கழுத்தும் இல்லை. எண்ணிக்கை பிசகாமல் பதித்த புள்ளிகள் உண்டு. அக்கா மகன் வாங்கிய 17 அங்குலத்தில் ஒரு வரிக்கு 1280, மொத்தம் 1024 வரி. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மதிப்பைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். ஆனால் நீலக் கேபிளில் வருவது விட்டுவிடாமல் ஏறி இறங்கும் ஒரு மின் அலை. எங்கே ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்ற குறிப்பு அதில் கிடையாது. மானிட்டர் ஊகிக்க வேண்டும். இந்த அளவுக்கு, திரும்பும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வரி 1688 புள்ளி நீளம். அந்த 1688-ஐ மானிட்டர் சரியாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியின் நடு மையத்தில் அலையை அளந்தால் எழுத்து கத்தியால் வெட்டியது போல் இருக்கும். 1687 என்று பிடித்தால், அல்லது புள்ளியின் விளிம்பில் அளந்தால், எழுத்துகள் நனைந்த பேப்பரில் எழுதியதுபோல் ஊறும். மானிட்டரின் முகத்தில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் படம் இப்படியும் அப்படியும் ஆடி நிலைக்குமே, அது நடத்துவது இந்த ஊகத்தைத்தான். அழுத்தும்போது திரையில் எழுத்து நிறைந்த பக்கம் ஒன்று விளிம்பு வரை இருந்தால் அதற்கு ஊகிக்க நிறையக் கிடைக்கும். வெறும் கறுப்புத் திரையில் அழுத்தினால் பாவம், எதைப் பிடித்துக்கொள்ளும்?

உ.வே.சாமிநாதையர் இதே திருவல்லிக்கேணியில், பிள்ளையார் கோயில் தெருவில், ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயர் வைத்த வீட்டில் உட்கார்ந்து, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க ஓலை ஏடுகளை ஒப்பிட்டார். ஒருவர் படிக்க மற்றொருவர் எழுதியதால், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதால், ஏட்டுக்கு ஏடு பாடம் மாறியிருக்கும். பல பிரதிகளை வைத்துக்கொண்டு, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எல்.சி.டி. மானிட்டரின் வி.ஜி.ஏ. வாய்க்குப் பின்னால் உள்ள சுற்று செய்வதும் பாடபேத ஆராய்ச்சியே. ஐயருக்குப் பல ஏடுகள் கிடைத்தன. இதற்கு ஒரே ஏடு, அதுவும் விநாடிக்கு 10.8 கோடி புள்ளி வேகத்தில்.

லேப்டாப் பேசும் எச்.டி.எம்.ஐ. வேறு குடும்பம். 2002 டிசம்பரில் இதன் முதல் விதிமுறை வெளிவந்தது. ஹிட்டாச்சி, பானசோனிக்கின் தாய் நிறுவனமான மாட்சுஷிட்டா, ஃபிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடிச் செய்தது. 1999-இல் வந்த டி.வி.ஐ. இதன் அண்ணன். இங்கே வெளிச்சம் ஏறி இறங்கும் அழுத்தமாகப் போவதில்லை; எண்ணாகப் போகிறது. ஒவ்வொரு நிறத்தின் மதிப்பும் எட்டு இலக்கம். அதைப் பத்து இலக்கமாக மாற்றி, ஒரு ஜோடிக் கம்பியில் ஒன்றுக்கொன்று நேர்மாறாக அனுப்புகிறார்கள். ஒரு கம்பியில் ஏற்றம் என்றால் ஜோடிக் கம்பியில் இறக்கம். வழியில் மின்விசிறியோ டியூப் லைட்டோ இரைச்சலைச் சேர்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் போய்விடும், செய்தி நிற்கும். மூன்று நிறத்துக்கு மூன்று ஜோடி. நான்காவது ஜோடியில் கடிகாரம், அதாவது புள்ளியின் தாளம், தனியாகவே வருகிறது. வி.ஜி.ஏ. மானிட்டர் எதை ஊகித்துத் தவித்ததோ அது இங்கே கையில் கொடுக்கப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான். எண்ணாக மாறிய பிறகும், கற்றையே இல்லாத காலத்திலும், எச்.டி.எம்.ஐ. அந்த ‘வண்டி திரும்பும் நேரத்தை’ விடவில்லை. 1920-க்கு 1080 படத்துக்கு 2200-க்கு 1125 என்ற கணக்கில்தான் நேரம் ஒதுக்குகிறது. விநாடிக்கு 60 முறை என்றால் 14.85 கோடி புள்ளி நேரம். திரும்புவதற்கு ஒன்றும் இல்லையென்றாலும் திரும்பும் நேரம் இருக்கிறது. காலி மனையை யார் சும்மா விடுவார்கள்? எச்.டி.எம்.ஐ.யில் ஒலி குடியிருப்பது அந்த இடைவெளியில்தான். நீங்கள் கேட்கும் பாட்டு, எப்போதோ ஒழிந்துபோன எலெக்ட்ரான் கற்றை இடப்பக்கம் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தில் வருகிறது.

ஆகவே, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்குப் போகவேண்டுமானால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கன்வெர்ட்டரின் தலை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு சிப். ஜோடிக் கம்பிகளைக் கேட்கிறது, பத்து இலக்கத்தை எட்டாக்குகிறது, ஒலியைப் பிரிக்கிறது, மணிகளைப் பிரிக்கிறது, மூன்று நிற எண்களையும் 0-வுக்கும் 0.7 வோல்ட்டுக்கும் நடுவே அந்தந்த அழுத்தமாக்கி மூன்று கம்பியில் விடுகிறது. எங்கள் மானிட்டருக்கு விநாடிக்கு 10.8 கோடி முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நிறம். அரைமணி ஓடியபின் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருக்கும். பயப்பட வேண்டாம், வேலை செய்கிற உடம்பு.

வேலை செய்ய அதற்குச் சாப்பாடு? எச்.டி.எம்.ஐ.யின் 18-ஆவது ஊசியில் 5 வோல்ட் வருகிறது. ஆனால் விதிமுறைப்படி அதில் கிடைத்தே தீரும் என்று நம்பக்கூடிய மின்னோட்டம் 55 மில்லி ஆம்பியர் மட்டும். பெருக்கிப் பார்த்தால் கால் வாட்டுக்குக் கொஞ்சம் மேல். இதற்குள் பிழைத்துக்கொள்ளும் சிப்புகள் உண்டு, போதாதவையும் உண்டு. படம் வந்து வந்து போகிறது என்றால் பெரும்பாலும் இது பசிக் கோளாறு. சில கன்வெர்ட்டர்களின் பக்கத்தில் சின்ன யு.எஸ்.பி. வாய் வைத்திருப்பது இதற்காகத்தான். கூடவே 3.5 மி.மீ. ஆடியோ ஓட்டை ஒன்றும் இருக்கும், வி.ஜி.ஏ.வில் ஒலிக்குக் கம்பியே கிடையாது என்பதால், பிரித்தெடுத்த ஒலியை அந்த ஓட்டை வழியாக வெளியே விடுகிறார்கள்.

பையன் வாங்கிய 150 ரூபாய் கேபிளில் இது எதுவும் இல்லை. இந்தப் பக்கத்துக் கம்பியை அந்தப் பக்கத்து ஊசியில் பற்றவைத்திருந்தார்கள். பத்து இலக்க எண்கள் கோடி கோடியாக வந்து கொட்ட, மானிட்டர் அதில் ஒரு மணி ஓசையாவது கேட்கிறதா என்று காத்திருந்துவிட்டு ‘நோ சிக்னல்’ என்றது. இதில் மானிட்டரின் தப்பு ஒன்றுமில்லை.

புதுக் கன்வெர்ட்டரை மாட்டியதும் படம் வந்தது. ஆனால் வட்டங்கள் எல்லாம் முட்டையாக நீண்டிருந்தன. கேபிளின் ஊசிகளைப் பார்த்தால் ஒன்று வளைந்திருந்தது: பன்னிரண்டாவது.

வி.ஜி.ஏ. பிறந்த காலத்தில் மானிட்டர் ஊமை; தான் யார் என்று சொல்ல அதற்கு வழி இல்லை. 1994-இல் வெசா என்ற தர அமைப்பு அதற்கு ஒரு விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுத்தது: ஈ.டி.ஐ.டி. மொத்தம் 128 பைட். யார் தயாரித்தது, என்ன மாடல், எந்த வாரம், எந்த ஆண்டு, எந்த அளவுப் படம் உகந்தது, திரை எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாம் அதில் அடங்கும். கடைசிப் பைட் கணக்குச் சரிபார்ப்புக்கு: 128-ஐயும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் கார்டு செல்லாது. வி.ஜி.ஏ.வில் இந்த உரையாடல் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகளில் நடக்கிறது. நல்ல கன்வெர்ட்டர் மானிட்டரிடம் கார்டை வாங்கி லேப்டாப்பிடம் அப்படியே நீட்டும். பன்னிரண்டாவது ஊசி வளைந்ததால் கார்டு கைமாறவில்லை. லேப்டாப் தனக்குத் தோன்றிய 16-க்கு 9 அகலத்தில் படத்தை அனுப்ப, 5-க்கு 4 முகம் கொண்ட மானிட்டர் அதை மேலும் கீழும் இழுத்து அப்பிக்கொண்டது. மூக்குத் திருகாணி போடும் இடுக்கியால் ஊசியை நிமிர்த்தினோம். வட்டம் வட்டமானது.

இன்னும் சில ஜோடிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி.ஐ.யும் எச்.டி.எம்.ஐ.யும் ஒரே மொழி, வேறு சட்டை. அவற்றுக்கிடையே சிப் இல்லாத மலிவு அடாப்டர் போதும், படம் அப்படியே போகும். டி.வி.ஐ.யில் ஒரு வகைக்கு, தட்டை ஊசியைச் சுற்றி நான்கு ஊசி கூடுதலாக இருக்கும். அந்த நான்கிலும் பழைய வி.ஜி.ஏ. மொழியே ஓடுவதால் அங்கும் சிப் வேண்டாம். அந்த நான்கு இல்லாத வகையில் நீலத் தலை அடாப்டரைச் செருகவே முடியாது, நல்ல வேளை. 2006-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் மூன்றாவது மொழி: படத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும். ஆனால் கணினியிலுள்ள டிஸ்ப்ளேபோர்ட்டுகள் பலவற்றுக்கு எச்.டி.எம்.ஐ.யும் பேச வரும். அதனால் டிஸ்ப்ளேபோர்ட் கணினியை எச்.டி.எம்.ஐ. மானிட்டரில் இணைப்பது சுலபம், சல்லிசு. எச்.டி.எம்.ஐ. கணினியை டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரில் இணைக்க முழு மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் தனிச் சாப்பாடும் வேண்டும். அதே இரண்டு செருகிகள்தான், திசை மாறினால் விலை பல மடங்கு. ‘எதுலேர்ந்து எதுக்கு’ என்று கேட்டாரே, அதற்குத்தான்.

திசையில் நான் ஏமாந்த கதையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா? மகனின் மானிட்டர் வேலை முடிந்ததைக் கேள்விப்பட்ட அக்கா, ஊரிலிருந்து தன் மனுவைப் போட்டாள். அவள் வீட்டில் இருப்பது அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வழங்கிய 14 அங்குலப் பெட்டி. “தம்பி, பொட்டி நல்லாத்தான்டா ஓடுது. புதுசா வாங்குன குச்சியை இதுல மாட்ட முடியாதாமே?” குச்சி என்றால் எச்.டி.எம்.ஐ.யில் செருகி இணையத்தில் படம் பார்க்கும் ஸ்டிக். பெட்டியின் முகத்தில் இருப்பதோ மஞ்சள், வெள்ளை ஓட்டைகள்.

கடையில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன டப்பாவைப் பார்த்தேன். ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. வாங்கி ஊருக்கு அனுப்பினேன். வேலை செய்யவில்லை. அதன் மேல் அச்சடித்திருந்தது ‘ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ.’, எனக்கு வேண்டியது ‘எச்.டி.எம்.ஐ. டு ஏ.வி.’ பழைய வி.சி.டி. பிளேயரைப் புது டி.வி.யில் இணைப்பவருக்கான டப்பாவை வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஓட்டைகள். கண்ணாடி போடாமல் கடைக்குப் போனதற்கு 600 ரூபாய் தண்டம்.

சரியான டப்பா போனதும் அக்கா மறுபடி கூப்பிட்டாள்: படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அதுவும் மேலே மேலே உருண்டுகொண்டே போகிறது. டப்பாவின் விலாவில் நகத்தால் தள்ளும் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் என்.டி.எஸ்.சி., இன்னொரு பக்கம் பால்; இரண்டும் டி.வி. ஒளிபரப்பு முறைகள். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய நாளிலிருந்து நமக்கு 625 வரி, விநாடிக்கு 25 படம் என்ற கணக்கு. 1982-இல் நாட்டுக்கு வண்ணம் வந்தபோது அது பால் முறையில் வந்தது. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி.யில் 525 வரி, விநாடிக்கு ஏறத்தாழ 30 படம், வண்ணத்தைப் பொதிந்து வைக்கும் முறையும் வேறு. பால் மட்டும் தெரிந்த பெட்டிக்கு என்.டி.எஸ்.சி. கொடுத்தால் வண்ணம் புரியாது, பக்கம் முடியும் மணியும் தப்பு நேரத்தில் அடிக்கும். அக்கா ஊக்கு நுனியால் ஸ்விட்சைத் தள்ளினாள். உருளல் நின்று வண்ணம் வந்தது. படம் வந்துவிட்டது, ஆனால் குச்சியின் மெனுவில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றாள்.

அதை எந்த டப்பாவாலும் தீர்க்க முடியாது. மஞ்சள் கம்பி ஒன்றே ஒன்று. மூன்று நிறமும் வெளிச்சமும் இரண்டு மணியும் அந்த ஒற்றைக் கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. நம் பால் முறையில் வெளிச்சத்துக்கு ஒதுக்கியது சுமார் 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வரி 64 மைக்ரோ விநாடி, அதில் தெரிவது 52. கணக்குப் போட்டால் ஒரு வரியில் பிரித்துக் காட்டக்கூடியது 520 புள்ளி அளவுதான். குச்சி அனுப்புவது 1920. நாலில் மூன்று பங்கை வழியிலேயே கொட்டிவிட்டுத்தான் படம் பெட்டிக்கு வந்து சேருகிறது. சினிமாவில் முகங்களைப் பார்க்க 520 தாராளம். பொடி எழுத்துக்குப் போதாது. இன்றும் யாராவது “லேப்டாப்பை என் பழைய டி.வி.யில் போட்டு எக்செல் பார்க்கலாமா?” என்று கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

போனில் இருக்கும் டைப்-சி வாயைப் பற்றிக் கேட்பீர்கள். இருபத்து நான்கு தொடுமுனை கொண்ட அந்த ஓட்டைதான் இன்று எல்லாரையும் ஏமாற்றுவது. அதே ஓட்டை சில போன்களில் டிஸ்ப்ளேபோர்ட் மொழி பேசும்; 2014-இல் அதற்கு விதிமுறை வந்துவிட்டது. 2023-இல் வந்த ஐபோன் 15 பேசும். ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்த ஓட்டை சார்ஜுக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டும்தான். எந்த அடாப்டரை மாட்டினாலும் படம் வராது, ஏனென்றால் மொழிபெயர்க்கப் பேச்சே இல்லை. போனின் விவரக்குறிப்பில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐபோன் 15-க்கு முந்தைய ஐபோன்களின் லைட்னிங் வாய்க்கு ஆப்பிள் விற்ற எச்.டி.எம்.ஐ. அடாப்டரை 2013-இல் பானிக் என்ற மென்பொருள் நிறுவனத்தார் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே தனி பிராசஸரும் அதற்கென்று நினைவகமும் இருந்தன. அடாப்டர் என்று நினைத்து வாங்கியது ஒரு முழுக் கணினி.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக மாட்டி, கம்பெனி வேலையெல்லாம் மானிட்டரில் தெரிந்து, ராத்திரி கட்டணப் படம் ஒன்றைப் போட்டால் ஒலி மட்டும் வரும், படம் கறுப்பு. இது பழுது அல்ல. எச்.டி.சி.பி. என்று ஒரு பூட்டு: படத்தை அனுப்பும் முன் லேப்டாப், ‘நீ அனுமதி பெற்ற திரையா?’ என்று கேட்கும். நீலக் கேபிளுக்கு அந்தக் கேள்வி கேட்டே பழக்கமில்லை. காசு கொடுத்துப் பார்ப்பவனைத்தான் இந்தப் பூட்டு தடுக்கிறது. இதன் தலைமைச் சாவி 2010-இலேயே வெளியாகிவிட்டது, அது உண்மைதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது.

அதே 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவா, சாம்சங், எல்.ஜி. சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டன: 2015-க்குள் வி.ஜி.ஏ.வை ஒழித்துவிடுவோம். லேப்டாப்பில் அது ஒழிந்தது உண்மை. பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரின் முதுகிலும், ரிச்சி தெருவில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மானிட்டர்களின் முதுகிலும் நீல வாய் இன்னும் திறந்தே இருக்கிறது. அவற்றைத் தூக்கிப் போடுவதும் அவ்வளவு சாதாரணமல்ல. டப்பா மானிட்டர் என்றால் அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துச் செம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் குப்பையில் கொட்டுபவரிடம் போடுவதைவிட, ஒரு கன்வெர்ட்டர் வாங்கி இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஓட்ட முடியாதபோது மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கடைக்குக் கிளம்புமுன் இரண்டு சாதனங்களின் செருகுவாயையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீலக் கேபிளின் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எதிலிருந்து எதற்கு என்று ஒரு தாளில் எழுதி அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியையும் மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.